அப்பாவின் புத்தகங்களைச் சுமந்தவர்களுக்கு

அன்பான உறவுகளுக்கும் ஊரவர்களுக்கும்,

அப்பா காலமானபின் செய்யும் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் எல்லாம் முடிந்துவிட்டது. வழக்கமாக இந்த நேரத்தில் நாலு வரியில் ஒரு நன்றி அட்டை அடித்துக் கொடுப்பார்கள். எங்களுக்கு அந்த நாலு வரி போதவில்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

செய்தி கேட்டதும் ஓடிவந்து பந்தல் போட்ட தம்பிமார், கதிரைகள் தந்த சனசமூக நிலையத்தினர், எங்கள் வீட்டு அடுப்பை மூட்டவிடாமல் தேநீரும் சாப்பாடும் கொண்டுவந்துகொண்டே இருந்த அயல்வீட்டு அக்காமார், கடைசிக் கிழமைகளில் கண்ணாடியைத் துடைத்துக் கையில் கொடுத்து "ஐயா, பேப்பர் பாருங்கோ" என்று சொன்ன கிளிநொச்சி வைத்தியசாலைத் தாதியர், எல்லோருக்கும் நன்றி.

அப்பாவை உங்களில் பலர் 'கச்சேரி ஐயா' என்றுதான் அறிவீர்கள். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞராகச் சேர்ந்தவர். வேலை முடிந்ததும் சைக்கிளை நேரே பொது நூலகத்துக்கு மிதிப்பாராம். 1981 இல் அந்த நூலகத்தை எரித்தார்கள், 97,000 நூல்கள் போயின. அதைப் பற்றி அவர் அதிகம் கதைத்ததில்லை, ஆனால் சம்பளம் எடுத்ததும் முதல் வேலையாகப் புத்தகம் வாங்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது என்று அம்மா சொல்வார். 1984 இல் கிளிநொச்சி தனி மாவட்டமானபோது இங்கே மாற்றலாகி வந்தவர், வட்டக்கச்சியை விட்டுப் போகவே இல்லை. காணிக் கிளையில்தான் கூடிய காலம் வேலை. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அவர் 'மல்லிகை' இலக்கியச் சஞ்சிகையின் பழைய இதழ்களைத் திரும்பத் திரும்ப வாசித்தது எனக்கு நல்ல ஞாபகம். 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்புக்கு அலுவலாகப் போய் வரும்போதெல்லாம் பை நிறையப் புத்தகம்தான் வரும், அம்மா கேட்ட சாமான் பாதி வராது.

அந்தப் புத்தகங்களை அவர் பூட்டி வைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பழைய கலண்டர்த் தாளில் உறை போட்டு, முதுகில் இலக்கம் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அதற்கென்று ஒரு சீ.ஆர். கொப்பி. திகதி, பெயர், நூல், திரும்பிய திகதி என்று அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, கந்தோர்ப் பதிவேடு மாதிரியே பேணினார்.

2008 கடைசியில் போரால் இடம்பெயர்ந்தபோது தன்னுடைய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் நெல்மூட்டைக்கு மேலே எங்கள் புத்தகம் நிரம்பிய உரப்பைகளையும் ஏற்றிக்கொண்டு வந்த அண்ணருக்கு நாங்கள் அந்த நேரம் நன்றி சொல்லவே இல்லை. அப்போது யாருக்கும் அதற்கு வாய்ப்பில்லை. விசுவமடுவுக்கு அங்கால் அந்தப் பைகளை விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டியிருந்தது, ஆனாலும் அவர் ஏற்றினாரே! மற்றவற்றை அப்பா தரப்பாளில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்து வீட்டு வளவில் தாட்டிருந்தார். மீளக்குடியேறியபோது அந்த இடத்தைத் தேடித் தோண்டி, கறையான் தின்றது போக மிஞ்சியதை ஒவ்வொரு தாளாக வெயிலில் காயவைத்துத் தந்த பக்கத்து வளவுப் பிள்ளைகளுக்கும் இப்போது சேர்த்துச் சொல்கிறேன்.

இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் நாங்கள் இருந்த பகுதிக்கு அருணாசலம் என்று பெயர். புத்தகம் ஒன்றும் கையில் இல்லாத அந்த நாட்களில், அப்பா பிள்ளைகளைக் கூடாரத்தின் நிழலில் இருத்தி, சேர் பொன். அருணாசலம் யார், சிவில் சேவையில் இருந்தபடி 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை எப்படி நடத்தினார் என்று கதை கதையாகச் சொல்வார். தண்ணீர் வரிசையில் நின்றுகொண்டே கேட்ட பெரியவர்களும் உண்டு. ஓய்வூதியராக ஊர் திரும்பிய பிறகு, காணிப் பெர்மிட்டைத் தொலைத்துவிட்டு வந்தவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார், ஒரு சதமும் வாங்கவில்லை. அதற்காக நீங்கள் கொண்டுவந்து வைத்த பூசணிக்காய்க்கும் தயிர்ச் சட்டிக்கும் அம்மா தனியாக நன்றி சொல்லச் சொன்னார்.

செத்தவீட்டுக்கு வந்தவர்களில் ஒரு தங்கச்சி, இப்போது கிராம அலுவலராக இருக்கிறார், ஒரு புத்தகத்தை என் கையில் தந்தார். உயர்தரம் படிக்கும்போது இரவல் வாங்கியதாம். முள்ளிவாய்க்கால் வரைக்கும், பிறகு முகாமுக்கும், பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்துப் பையில் சுமந்திருக்கிறார். கலண்டர் உறை அப்படியே இருக்கிறது, அப்பாவின் எழுத்தில் இலக்கமும் இருக்கிறது. தாட்ட பெட்டிக்குள் தப்பியிருந்த கொப்பியைத் திறந்து பார்த்தேன். அந்தத் தங்கச்சியின் வரியில் கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தது. திரும்பி வராமலே போன ஆட்களின் வரிகளும் அதே பக்கத்தில் இருந்தன. அப்பா ஒருவருடைய பெயரையும் வெட்டவில்லை. தங்கச்சி, நீங்கள் செய்தது எங்களுக்கு எவ்வளவு பெரிய விடயம் என்று அன்று சொல்ல வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது.

சரி, இனிச் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறேன். மிஞ்சிய புத்தகங்களைச் சனசமூக நிலைய வாசிப்பறைக்குக் கொடுக்கிறோம், அலுமாரி செய்து தருவதாக ஏற்றுக்கொண்ட தச்சுவேலை மாமாவுக்கும் நன்றி. இலங்கையில் அச்சான பழைய நூல்களை, 'நூலகம்' என்ற எண்ணிம நூலக இணையத்தளத்தில் ஏற்கெனவே இல்லாதவையாகப் பார்த்துப் பிரித்து, எண்ணிமப்படுத்தக் கொடுக்க இருக்கிறோம். அப்பாவின் இலக்கம் போட்ட புத்தகம் யாரிடமாவது இருந்தால் கூச்சப்பட வேண்டாம். வாசித்து முடிந்தபின் வாசிப்பறையில் கொடுங்கள், இல்லை உங்களுக்கு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு ஒரு சொல் சொன்னால் போதும், கொப்பியில் பதிந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
மகள், குடும்பத்தினர் சார்பில்
வட்டக்கச்சி, கிளிநொச்சி