கிளைப்பங்கு செபமாலை சங்கம்: 2024-ஆம் ஆண்டறிக்கை

மரியே வாழ்க! பங்குத்தந்தை அவர்களுக்கும், தலைவர், பொருளாளர் அவர்களுக்கும், இந்தக் குளிரிலும் வந்திருக்கும் அம்மாமார், அய்யாமார், தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

2024-ல் செயற்குழு நான்கு முறை கூடியது. மே மாதம் மாதாவின் வணக்கமாதம், ஜூனில் திரு இருதய பக்தி, ஊட்டி காந்தல் குருசடித் திருத்தலத்துக்கு ஒரு நாள் திருப்பயணம், நவம்பர் 2-ல் கல்லறை மந்திரிப்பு, கிறிஸ்துமஸ் கேரல் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. திருப்பயணத்துக்கு ஒரு வேனே போதுமானதாக இருந்தது.

திருத்தந்தை பிரான்சிஸ், 2025 யூபிலி என்ற புனித ஆண்டுக்கு ஆயத்தமாக 2024-ஐச் செபத்தின் ஆண்டாக அறிவித்தார். நம் சங்கம் என்ன செய்யப்போகிறது என்று ஃபாதர் கேட்டார். நம் கோவிலில் இரண்டாம், நான்காம் ஞாயிறுகளில்தான் பூசை. மற்ற நாளெல்லாம் கோவில் பூட்டியே கிடக்கிறது. அந்த நாட்களில் நம் விசுவாசத்தை எது தாங்குகிறது என்ற கவலை எனக்கு வெகு நாளாக உண்டு. வீட்டில் நோய் வந்தால் முழந்தாளில் நிற்கிறோம். தீர்ந்ததும் செபமாலை ஆணிக்குப் போய்விடுகிறது. நானும் அப்படி இருந்தவன்தான். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த இருபது நாளும் மூன்று வேளை செபித்தேன். அவள் வீடு திரும்பிய வாரமே விட்டுவிட்டேன். அது இன்றும் உறுத்துகிறது.

அதனால்தான் காலை, பகல், மாலை மாதாவிடம் செபிக்க அழைக்கும் மூவேளை மணியை, நின்றுபோயிருந்ததை, மறுபடி அடிக்கலாம் என்றேன். சாம்பல் புதன், பிப்ரவரி 14, காலை 6 மணிக்குத் தொடங்கினோம். மும்மூன்றாக மூன்று முறை, நடுவில் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லும் அளவுக்கு இடைவெளி, கடைசியில் தொடர்ந்து ஒன்பது. அப்புறம் வீட்டுக்கு ஒரு அட்டை கொடுத்தோம். காலை 6-க்கு மூவேளை செபமும் அன்றைய நற்செய்தியும், பகல் 12-க்கும் மாலை 6-க்கும் மூவேளை செபம், இரவு செபமாலை, படுக்கும் முன் ஐந்து நிமிடம் ஆன்ம சோதனை. உயிர்ப்புப் பெருவிழாவான மார்ச் 31 முதல் தூய ஆவியார் பெருவிழாவான மே 19 வரை மூவேளை செபத்துக்குப் பதில் 'விண்ணக அரசியே' என்ற உயிர்ப்புக்கால மாதா செபம். செபமாலையில் தியானிக்கும் இயேசு, மரியா வாழ்வின் நிகழ்வுகளான மறையுண்மைகளில், வியாழக்கிழமை சில பாட்டிமார் இன்னும் மகிழ்ச்சி மறையுண்மைகளையே சொல்கிறார்கள். வியாழனுக்குரிய ஒளியின் மறையுண்மைகள் 2002-ல்தானே வந்தன. தப்பில்லை. ஆனால் அட்டையைப் பார்த்துச் சொன்னால் அன்று எல்லா வீட்டிலும் ஒரே தியானம் நடக்கும்.

மணி பார்த்துச் செபித்தால் வெறும் பழக்கமாகிவிடாதா என்று கூட்டத்தில் ஓர் அன்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். பைபிளில் தானியேல், கடவுளிடம் வேண்டக் கூடாது என்ற தடையாணை வந்த பிறகும் வழக்கப்படி நாளுக்கு மூன்று முறை முழந்தாளிட்டார். இயேசுவின் சீடர்கள் பேதுருவும் யோவானும் பிற்பகல் மூன்று மணி செப வேளைக்குக் கோவிலுக்குப் போனார்கள். பேதுரு நண்பகலில் வீட்டு மேல்தளத்தில் செபித்தார். மனம் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. முதல் இரண்டு மாதம் எனக்கும் உதடுதான் செபித்தது. பிறகு ஒரு நாள் கயிற்றைப் பிடிக்கும் முன்பே மனம் செபத்தில் இருப்பதைக் கண்டேன்.

மே மாதக் கடைசியில் பகல் மணி அடித்துவிட்டுக் கோவில் வாசலில் நின்றேன். கீழ்த் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடை போடப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். நம் உறுப்பினரான ஓர் அம்மா முதுகிலிருந்த பையை இறக்கித் தரையில் வைத்து, கறை பிடித்த விரல்களால் சிலுவை அடையாளம் போட்டார். முன்னும் பின்னும் நின்றவர்கள் இந்துச் சகோதரிகள். அவர்களும் பேச்சை நிறுத்தி, அந்த அம்மா முடிக்கும் வரை வரிசையை நகர்த்தாமல் நின்றார்கள். இந்த ஓராண்டு உழைப்புக்கு அது ஒன்றே எனக்குப் போதும்.

ஜூலை மழையில் கயிறு இற்று அறுந்தது. இரண்டு நாள் மணி இல்லை. அந்த இரண்டு நாளும் பகல் செபம் தவறிப்போனதாக மூன்று வீட்டில் சொன்னார்கள். 'இந்த மணியால் என்ன பயன்' என்று கேட்டவர்களுக்கு இதையே பதிலாகச் சொல்கிறேன். நைலான் கயிறு நான் வாங்கிப் போட்டேன், கணக்கில் சேர்க்கவில்லை.

அக்டோபர் செபமாலை மாதத்தில் 31 நாளும் வீடு வீடாகச் செபமாலை என்று முடிவு செய்தோம். முதல் வாரம் நாற்பது பேர். கடைசி வாரம் ஒன்பது. கரடியும் காட்டுமாடும் இறங்குகிற பாதையில் இரவில் நடக்கப் பயம் என்றார்கள். அது உண்மை, மாலை மணி முடிந்த கையோடு 6.15-க்கு மாற்றினோம். அப்போதும் வரவில்லை. இரண்டு வீடுகளில் நாங்கள் போய் நின்றபோது கதவு பூட்டியிருந்தது; மழையில் அந்த வாசலிலேயே செபமாலையின் ஐந்து பத்துமணிகளையும் சொல்லி முடித்தோம். ஆனால் திருப்பூரிலும் கோவையிலும் வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகள் நான்கு பேர் தினமும் போனில் சேர்ந்துகொண்டார்கள். உள்ளூரில் இருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சந்தாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 38 குடும்பங்களில் ஆண்டு முழுவதும் கட்டியவை 17. மாதம் முப்பது ரூபாய்தான். கொழுந்து விலை இறங்கியிருப்பது எனக்கும் தெரியும். முடியாதவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும், யாரும் கேட்கப்போவதில்லை. சொல்லாமல் இரண்டு வருடம் இருப்பதுதான் வருத்தம். பெயர்களை நான் வாசிக்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வரவை விடச் செலவு சற்றுக் கூடுதல். பழைய கையிருப்பில் சரிக்கட்டினோம்.

ஃபாதருக்கும், அட்டைகளை அழகாக எழுதித் தந்த மறைக்கல்வி மாணவிகளுக்கும், கேரல் இரவில் சுக்குக் காபி போட்டுத் தந்த தாய்மாருக்கும் நன்றி.

2025 யூபிலி ஆண்டு. மூவேளை மணி நிற்கக் கூடாது. ஆனால் டிசம்பர் உறைபனிக் காலைகளில் கோவில் படி ஏறுவதற்குள் என் முழங்கால் சொன்னபடி கேட்கவில்லை. டாக்டர் படி ஏற வேண்டாம் என்கிறார். பகல் மணியையும் மாலை மணியையும் எப்படியோ பார்த்துக்கொள்கிறேன். காலை மணிக்கு ஓர் ஆள் வேண்டும். இளைஞர் யாராவது என்றால் நல்லது. சாவி என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் இருக்கிறது. 5.45-க்கு வந்து எடுத்துக்கொள்ளலாம். முதல் வாரம் நானும் மெல்லக் கூட வந்து, எவ்வளவு இடைவெளி விட்டு அடிக்க வேண்டும் என்று காட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்