ஏஜென்சிக்கு ஈடாகும் காணி வங்கிக்கு ஏன் ஆகாது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டவிரோதப் பயணங்களின் ஆபத்தை எடுத்துச் சொல்லும் விழிப்புணர்வுக் கூட்டங்கள் பற்றித் தங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. கூட்டம் நடத்துவோரின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் விஷயம் தெரியாமல்தான் போகிறார்கள் என்று அவர்கள் நம்புகிறார்கள். அதுதான் பிழை. 2022 நவம்பரில் கனடாவுக்கென்று புறப்பட்டு நடுக்கடலில் தத்தளித்த 303 பேரை ஜப்பானியக் கப்பல் ஒன்று மீட்டு வியட்நாமில் இறக்கியதும், அவர்களில் ஒருவர் ஊர் திரும்பாமல் அங்கேயே உயிரிழந்ததும் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் எந்த இளைஞனுக்குத் தெரியாது? படகில் வந்தால் ஒருபோதும் குடியேற முடியாது என்று ஆஸ்திரேலிய அரசு தமிழிலேயே விளம்பரம் செய்துவிட்டது. ஐரோப்பா என்று ஆசைகாட்டி ரஷ்யாவில் இறக்கப்பட்டுப் போர்முனைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்காகப் பெற்றோர் முறையிட்டதையும் பத்திரிகைகளில் பார்த்தோம். எல்லாம் தெரிந்துகொண்டுதான் போகிறார்கள்.

நான் காணி உறுதிகள் எழுதும் நொத்தாரிசு அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞனாக இருக்கிறேன். பயணச் செலவுக்காகக் காணியை ஈடு வைத்துக் கடன் பெற எழுதப்படும் ஈட்டு உறுதிகள் என் மேசையைத் தாண்டித்தான் பதிவுக்குப் போகின்றன. தகப்பன், தாய், மகன், காசு கொடுப்பவர் என நாலு பேர் வருவார்கள். காணியின் பெயர், பரப்பு, நாலு எல்லை, கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் என்று நொத்தாரிசு வாசித்துக்கொண்டே போவார். தாயின் சீதனக் காணியாக இருந்தால் அந்த இடம் வரும்போது அவர் மட்டும் தலையைக் குனிந்துகொள்வார். காசு எதற்கு என்று உறுதியில் எழுதுவதில்லை. நாங்களும் கேட்பதில்லை. பாதி இப்போது, மிச்சம் ஆள் போய்ச் சேர்ந்த பிறகு என்று வாசலில் அவர்கள் பேசிக்கொள்வதிலேயே எல்லாம் விளங்கிவிடும். வட்டி நூற்றுக்கு மூன்று. அது மாத வட்டி.

இதில் கவனிக்க வேண்டியது தொகை. ஐரோப்பாவுக்கு என்றால் எழுபது, எண்பது இலட்சம் ரூபா சாதாரணமாகப் பேசப்படுகிறது. ஊரில் காசில்லை, அதனால் பிள்ளைகள் போகிறார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு நாள் எங்கள் அலுவலகத்தில் வந்து இருந்து பார்க்கட்டும். காசு இருக்கிறது. காணி, தாலிக்கொடி, பாரிசிலிருக்கும் சித்தப்பா, கனடாவில் ஸ்காபரோவிலிருக்கும் மாமா என்று பல இடங்களில் அது கிடக்கிறது. பயணம் என்றவுடன் ஒரு கிழமையில் திரண்டுவிடுகிற அந்தக் காசு, பட்டறை போடப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால் அசைய மறுக்கிறது.

எனக்கு நன்றாகத் தெரிந்த பொடியன் ஒருவன் மோட்டார் வாகனத் திருத்தத்தில் முறையாகப் பயிற்சி பெற்று, தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழும் எடுத்தவன். கொடிகாமம் பக்கம் ஏ-9 வீதியோரம் சொந்தமாக ஒரு திருத்தகம் போட விரும்பினான். வாகனம் தூக்கும் இயந்திரம், காற்றுப் பம்பு, மும்முனை மின் இணைப்பு, கொட்டகை எல்லாம் சேர்த்துப் பதினெட்டு இலட்சம் என்று கணக்கும் போட்டு வைத்திருந்தான். வங்கி இரண்டு அரச உத்தியோகத்தர்களைப் பிணைக்குக் கேட்டது. அவனுடைய சொந்தத்தில் அரச உத்தியோகத்தர் ஒருவர்தான். அவரும் ஏற்கெனவே வேறொருவருக்குப் பிணை நிற்கிறார். காணியை ஈடு வைக்கிறேன் என்றான். புதிய நில அளவைப் படம் வேண்டும், முப்பது வருட உறுதித் தொடர் வேண்டும் என்றார்கள். 1995 அக்டோபர் இறுதியில் யுத்தத்தால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து நடந்தபோது தகரப் பெட்டியோடு உறுதிகளைத் தொலைத்த குடும்பங்களில் அவனுடையதும் ஒன்று. பிரதி எடுக்கப் பதிவகத்துக்கு அலைந்தான், நில அளவையாளரிடம் அலைந்தான், பிரதேச சபையில் கட்டட அனுமதிக்கு நின்றான். வருடம் ஓடிவிட்டது. பிறகு அதே காணியை, அதே குறைபாடுகளோடு, தனியார் ஒருவர் எந்தக் கேள்வியும் கேட்காமல் ஈடு பிடித்தார். காசு ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்குப் போனது. பொடியன் இப்போது எங்கே நிற்கிறான் என்று அவனுடைய தாயைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நாட்டின் பெயரைச் சொல்கிறார்.

வங்கியில் இருந்தவர்கள் சட்டப்படிதான் நடந்தார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. ஆனால் ஊரில் தொழில் செய்யக் கேட்டவனுக்கு ஒரு வருட அலைச்சல், உயிரைப் பணயம் வைக்கப் போனவனுக்கு ஒரு மத்தியான வேலை என்று இருந்தால் எந்தப் பிள்ளை இங்கே நிற்பான்?

யாழ்ப்பாணத்தில் இப்படி என்றால் வன்னியில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே பெரும்பாலானோர் கையில் இருப்பது அரச காணிக்கான அனுமதிப்பத்திரம். அனுமதியில்லாமல் அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. உரிமை இல்லாத காணியில் எவன் காசைப் போட்டுக் கட்டடம் எழுப்புவான்? போதாததற்கு, 2025 மார்ச்சில் வந்த வர்த்தமானி அறிவித்தல், மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் வடக்கில் சுமார் 5,900 ஏக்கர் அரச காணியாகிவிடும் என்றது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்கும்வரை எங்கள் அலுவலக வாசலில் சனம் குறையவில்லை. வெளிநாட்டிலிருக்கும் பங்காளிகளின் கையெழுத்துக்காகத் தவித்தவர்களை அப்போது பார்த்தேன். அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

வேலைவாய்ப்பு என்றதும் நம்மவர்கள் காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம் என்று பழைய பெயர்களை ஓதத் தொடங்கிவிடுகிறோம். யுத்தத்தோடு இயந்திரம் நின்ற தொழிற்சாலைக்காக 2003 இல் பிறந்தவன் ஏன் காத்திருக்க வேண்டும்? பரந்தன், மாங்குளம், காங்கேசன்துறை ஆகிய இடங்களில் கைத்தொழில் வலயங்கள் வரும் என்று அரசாங்கம் சொல்கிறது. வரட்டும், நல்லது. ஆனால் ஆனையிறவை மறக்கக்கூடாது. நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்கிக்கொண்டிருந்த 2025 இல் ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலையைத் திறந்தார்கள். சில வாரங்களிலேயே அங்குள்ள தொழிலாளர்கள் அடிப்படை வசதிகள் கேட்டு வீதியில் நின்றார்கள். வெயிலில் உப்பு வெட்டுகிறவன் குடிதண்ணீருக்கும் கழிப்பறைக்கும் போராட வேண்டியிருந்தால், அவனுடைய தம்பி அந்த வேலைக்கு விண்ணப்பம் எழுதுவானா, கடவுச்சீட்டுக்கு விண்ணப்பம் எழுதுவானா?

கடற்றொழிலைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. மயிலிட்டித் துறைமுகம் 2017 இல் திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டில், கடலடியை வாரியெடுக்கும் இழுவைமடிக்குத் தடைச்சட்டமும் வந்தது. இரவில் வரும் தமிழக இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போவது மட்டும் நிற்கவில்லை. கடனுக்கு வாங்கிய வலை அறுந்தால் கடன் மட்டும்தான் மிஞ்சும். அரசியல் அச்சத்தால் வெளியேறுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பட்டறை பதிலல்ல. அவர்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை.

என் கோரிக்கை பெரிதல்ல. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் மாதத்தில் சில நாட்கள் நில அளவையாளர், பதிவக அலுவலர், காணி அலுவலர் மூவரும் ஒரே கூரையின் கீழ் இருந்து, தொழில் கடனுக்காக வரும் இளைஞர்களின் காணிப் பத்திரங்களை முதலில் சரிசெய்து கொடுக்கட்டும். சிறுதொழில் கடன்களுக்குப் பொறுப்பு நிற்பதற்கென்று தேசிய கடன் உத்தரவாத நிறுவனம் ஒன்று ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. அதன் பயன் ஊர்க் கிளைகள்வரை வந்தால் இரண்டு அரச உத்தியோகத்தர்களைத் தேடி அலையும் வேலை குறையும். வெளிநாட்டுச் சித்தப்பாமாருக்கும் மாமாமாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் பயணத்துக்கு அனுப்பும் காசில் நாலில் ஒரு பங்கை அவனுடைய தொழிலுக்கு அனுப்பிப் பாருங்கள். அது திரும்பி வராமல் போகலாம். பயணத்துக்கு அனுப்பிய காசு எல்லாம் திரும்பி வந்ததா?

கடைசியாகத் தங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். விழிப்புணர்வுக் கூட்டச் செய்தி வரும் அதே பக்கத்தின் அடியில் 'ஐரோப்பா வேலை, விசா உறுதி' என்று கைபேசி இலக்கம் மட்டும் போட்ட சிறுவிளம்பரங்கள் வருகின்றன. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கம் இல்லாத எந்த ஆட்சேர்ப்பு விளம்பரத்தையும் இனி ஏற்கமாட்டோம் என்று தங்கள் பத்திரிகை அறிவிக்குமா? வருமானம் கொஞ்சம் குறையும் என்பது தெரியும். இந்தக் கடிதத்துக்கு இடமில்லாவிட்டாலும் அந்த அறிவித்தலுக்கு இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
நொத்தாரிசு அலுவலக எழுதுவினைஞர் ஒருவர்,
தென்மராட்சி.

(எங்களிடம் வருவோரின் நலன் கருதி என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)