பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு

கிராம சுகாதார நர்சம்மாக்களுக்கும், பிரசவ வார்டு சிஸ்டர்களுக்கும், தாய்ப்பால் தானம் தந்த அம்மாக்களுக்கும் வணக்கம்.

"பால் பத்தலை" என்று யாராவது சொன்னால் போதும், மூன்றாம் நாளே வீட்டுக்குள் பவுடர் டப்பா வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் அதை வாசலிலேயே நிறுத்தியவர்கள் நீங்கள். குழந்தை ஒரு தடவை பால் குடித்து முடிக்கும்வரை, ஆயிரம் வேலைக்கு நடுவிலும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்கள். முதல் நன்றி அதற்குத்தான்.

வாய் அகலத் திறந்திருக்கிறதா, கீழுதடு வெளியே மடங்கியிருக்கிறதா, தாடை மார்பில் ஒட்டியிருக்கிறதா, காம்பைச் சுற்றிய கருவட்டம் மேலுதட்டுப் பக்கம்தான் அதிகம் தெரிகிறதா என்று பார்த்தீர்கள். காம்பை மட்டும் சப்பினால் பால் சரியாக இறங்காது, காம்பு வெடிக்கும். வலிக்குப் பயந்து தாய் அடுத்த வேளையைத் தள்ளிப்போடுவாள். தள்ளத் தள்ளப் பால் கட்டும், சுரப்பும் குறையும். "பத்தலை" என்ற பேச்சு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. சுத்தமான சுண்டுவிரலை வாயோரம் நுழைத்துப் பிடியை விடுவித்து, குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, தலையும் உடம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்க மறுபடி பிடிக்க வைத்தீர்கள். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அதைக் காட்டித் தர ஆள் வேண்டும்.

பிறந்த குழந்தையின் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டுச் சேனை வைக்கக் காத்திருந்த பாட்டிகளிடம் நீங்கள் பேசிய விதத்துக்குத் தனியாக ஒரு நன்றி. யாரையும் திட்டாமல், "பாட்டி, பிள்ளைக்கு முதல் சேனை சீம்பால்தான்" என்றீர்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம் என்று காரணத்தையும் சொன்னீர்கள். முதல் இரண்டு நாள் சீம்பால் ஒரு வேளைக்குச் சில தேக்கரண்டிதான் வரும், அந்தச் சின்ன வயிற்றுக்கு அது போதும். பால் நன்றாக இறங்க மூன்று நான்கு நாள் ஆகும், சிசேரியன் என்றால் இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம். அதுவரை இரவையும் சேர்த்து 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை ஊட்ட வேண்டும்.

எடை குறைந்துவிட்டதே என்று மாமியார் பதறும்போது எதை எண்ண வேண்டும் என்று கற்றுத் தந்தீர்கள். ஐந்தாம் நாளிலிருந்து தினம் ஆறு தடவையாவது சிறுநீர், கருப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறிய மலம். முதல் வாரத்தில் எடை கொஞ்சம் இறங்குவது வழக்கம்தான், பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிடும். பத்து சதவீதத்தைத் தாண்டி இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாக இருந்தாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள்.

கர்ப்ப காலத்திலும் உங்கள் கை உண்டு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கருப்பாகும், சிலருக்குக் குமட்டும். யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் மாத்திரை குப்பைக்குப் போகும். இரவு படுக்கும் முன் போடலாம், டீ, காபி, பாலோடு வேண்டாம், கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும் என்று நீங்கள் சொன்னதால்தான் 180 நாளும் மாத்திரை உள்ளே போனது.

பன்னிரண்டு வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்து, அதற்கு அரசு தரும் பிக்மி எண்ணை வாங்கிக் கொடுத்த கைகளையும் மறக்க முடியாது. அந்த எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். அரசு தரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் ஆதாரில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் வேறொரு பெயர் என்றிருந்தால் நடுவழியில் நின்றுவிடும். ஆரம்பத்திலேயே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்தச் சொன்னீர்கள்.

தானப்பால் தந்த அம்மாக்களே, உங்கள் பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி, கிருமிப் பரிசோதனை செய்து, உறைய வைத்துத்தான் குறைமாதக் குழந்தைகளுக்குத் தருகிறார்கள். யார் குடித்தது என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. தெரியாமலே கொடுத்தீர்கள்.

நள்ளிரவில் 108 ஓட்டி வந்தவர்களுக்கும், தாயையும் சேயையும் 102 வண்டியில் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டவர்களுக்கும் நன்றி. 104 மருத்துவ ஆலோசனை எண்ணில் ஃபோனை எடுத்து, அழுகிற தாயை அழவிட்டுக் கேட்டவர்களுக்கும் நன்றி. பிரசவமாகி இரண்டு வாரம் கடந்தும் தாயின் அழுகை நிற்காவிட்டால், குழந்தை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வராவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள்.

கடைசியாக, பேருந்து நிலையத்துப் பாலூட்டும் அறைகளைத் துடைத்து வைக்கும் அக்காக்களுக்கு. தாழ்ப்பாள் விழுகிற கதவு, ஓடுகிற ஃபேன், ஈரமில்லாத நாற்காலி. இந்த மூன்றும் இருந்த நாளில் ஊருக்குப் போகும் வழியில் குழந்தை பசியாறியிருக்கிறது, அக்கா.

அன்புடன்,
பாலூட்டும் தாய்மாருக்குத் துணை நிற்கும் தன்னார்வலர்கள்