எல்லார் வீட்டு மோட்டாரும் என் மீட்டரில் ஓடுகிறது

அனுப்புநர்: தரைத்தள வாடகைதாரர்
பெறுநர்: மேலாளர், குடியிருப்புப் பராமரிப்பு நிறுவனம்
பொருள்: பொது மின்செலவு என் கணக்கில் ஏறுவது குறித்து

ஐயா,

நான் தனி ஆள். ஐந்து பேர் இருக்கும் மேல்வீட்டைவிட எனக்கு மின்கட்டணம் அதிகமாக வருகிறது. காரணம் புரியாமல் 14 மாதங்கள் கட்டிவிட்டேன்.

சென்ற ஞாயிறு வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு மீட்டர் பெட்டி முன்னால் போய் நின்றேன். தண்ணீர் மோட்டார் ஓட ஆரம்பித்ததும் என் மீட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. கைப்பேசியில் நேரம் வைத்து எண்ணினேன், நிமிடத்துக்கு 52. அந்த மீட்டரில் 3200 சிமிட்டல் ஒரு யூனிட். அப்படியென்றால் மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட். உங்கள் ஆள் வைத்த டைமர்படி மோட்டார் தினமும் 2 மணி நேரம் ஓடுகிறது. மாதம் சுமார் 60 யூனிட்! இருட்டிய பிறகும் பார்த்தேன். மாடிப்படியின் நான்கு விளக்குகளும் என் லைனில்தான் எரிகின்றன.

இதற்கு மேல், 'பொது மின்சாரம்' என்று நான்கு வீட்டிலும் மாதாமாதம் சமமாக வசூலிக்கிறீர்கள். என்னிடமும் வாங்குகிறீர்கள். மோட்டாரும் படி விளக்கும் என் மீட்டரில் ஓடும்போது அந்தப் பணம் எதற்கு?

தொலைபேசியில் கேட்டதற்கு, "எல்லாருக்கும் சமமாகத்தானே பிரிக்கிறோம்" என்றார் உங்கள் ஊழியர். படி விளக்குக்குச் சமப் பங்கு சரி, யார் ஏறினாலும் இறங்கினாலும் அது எரியத்தான் வேண்டும். தண்ணீர் அப்படியில்லை. நான்கு வீட்டிலும் சேர்த்து 13 பேர் இருக்கிறோம். ஆள் கணக்கில் பார்த்தால் அந்த 60 யூனிட்டில் என் பங்கு ஐந்துகூட வராது.

பொது லைனை என் மீட்டரிலிருந்து பிரித்துத் தனி மீட்டர் போடுங்கள். மோட்டார் செலவை ஆள் எண்ணிக்கைப்படியும் விளக்குச் செலவை வீட்டுக்கணக்கிலும் பிரித்து, மாத ரீடிங்கைப் படிக்கட்டுப் பலகையில் ஒட்டுங்கள்.

14 மாதத்துக்கு நான் கூடுதலாகக் கட்டியதையும் திருப்பித் தர வேண்டும். அதைச் சராசரி விலையில் கணக்கிட வேண்டாம். யூனிட் கூடக் கூட விலையும் ஏறுகிற கட்டணம் இது. இந்த யூனிட்டுகள் சேர்ந்ததால்தான் என் பில் கூடுதல் விலைப் படிக்குப் போனது. அவை இல்லாவிட்டால் பில் எவ்வளவு வந்திருக்கும் என்று ஒவ்வொரு பில்லாகப் பார்த்து வித்தியாசத்தைத் தாருங்கள். எல்லா பில்களும் என்னிடம் இருக்கின்றன.

அக்கம்பக்கத்தார் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவர்களுக்கும் இது தெரியாது. வருகிற சனிக்கிழமை காலை எலக்ட்ரீஷியனை அனுப்புங்கள். மெயினை அணைத்துக் காட்டுகிறேன், அவரே எண்ணிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தரைத்தள வாடகைதாரர்