பேச்சியம்மாளுக்கு எதற்கு நீலக் கண்?

மதிப்பிற்குரிய பதிப்பகத்தாருக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு 10.40க்கு என் நாவல் வரிசையின் மூன்றாம் பாகத்துக்கு மூன்று அட்டைகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள். கூடவே ஒரு வரி: "காலைல ஃபைல் பிரஸ்ஸுக்குப் போகணும், ஏதாவது ஒண்ணு ஓகே பண்ணுங்க." பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றிலும் அதே பெண். ஒன்றில் இடப்பக்கம் பார்க்கிறாள், இன்னொன்றில் வலப்பக்கம், மூன்றாவதில் நம்மை. பின்னணி மட்டும் ஊதா, பச்சை, ஆரஞ்சு. ஒரே தோசையை மூன்று தட்டில் வைத்து "எது வேணும்?" என்று கேட்டது மாதிரி இருந்தது.

"மூன்றும் வேண்டாம், நாளை பேசலாம்" என்று பதில் போட்டேன். நீல டிக் விழுந்தது. அடுத்த வாரம் ஆரஞ்சு அட்டையோடு புத்தகம் வீட்டுக்கு வந்துவிட்டது.

அந்தப் பெண் யார் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. என் கதாநாயகி பேச்சியம்மாள்தான் என்றால், அவளுக்கு வயது 52. சின்ன வயதில் ஆறுமுகநேரி உப்பளத்தில் அம்மாவோடு உப்பு வாரியவள். பாத்தியில் அடிக்கும் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்ணை இடுக்கியே பழகிப்போனவள். குலசேகரன்பட்டினம் ஏவுதளத்தில் கட்டுப்பாட்டு அறைக்குப் பொறுப்பாளராக வந்த பிறகும் அந்த இடுக்கல் போகவில்லை. மூன்றாம் பாகத்தின் முடிச்சே அதில்தான் இருக்கிறது: திரையில் மற்றவர்களுக்குத் தட்டுப்படாத ஒரு மினுக்கத்தை அவள் கண் பிடித்துவிடும். அட்டையில் இருப்பவளுக்கோ இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. அகல விரித்த நீலக் கண், ஹெல்மெட்டுக்குள் லிப்ஸ்டிக். நெஞ்சில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டையில் உள்ள எழுத்து தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை, உலகத்தில் எந்த மொழியும் இல்லை. படத்தைச் செய்தது மனிதக் கை இல்லை என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது.

உடன்குடியில் இருக்கும் என் பெரியம்மாவிடம் காட்டினேன். பேச்சியம்மாளின் பாதிப் பேச்சு அவரிடமிருந்து எடுத்ததுதான். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தவர், "யாரு இவ, கான்வென்டுக்கு வந்திருக்க புது டீச்சரா?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். அட்டை வரைகிறவர் கதையைப் படித்திருக்க வேண்டும். முழுவதும் வேண்டாம், இரண்டு அத்தியாயம் போதும்.

இரண்டாம் பாகத்தையும் சொல்லிவிடுகிறேன். குலசேகரன்பட்டினத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு, அதாவது பூமியை வடக்கு தெற்காகச் சுற்றும் பாதைக்கு, கிளம்பும் ராக்கெட், இலங்கைக்கு மேலே போய்விடாமல் வளைந்து போக வேண்டும். அந்த வளைவுக்கு ஆகும் எரிபொருள் சின்ன ராக்கெட்டுக்குக் கட்டாது. எங்கள் ஊர்ப் பக்கமிருந்து என்றால் நேரே தெற்கே கடல்தான். இரண்டாம் பாகத்தின் கதையே இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. நீங்கள் அட்டையில் வைத்ததோ அமெரிக்க ஸ்பேஸ் ஷட்டில். அது 2011 ஜூலையோடு ஓய்வு பெற்றுவிட்டது ஐயா. எங்கள் தேரி மணல்மேட்டின் செம்மண்ணும் பனையும் தெரியும்படி நான் எடுத்து அனுப்பிய பதினொரு படங்கள் என்ன ஆயின?

அட்டையில் ஆள் மாறுவது உங்களோடு தொடங்கிய வழக்கமும் இல்லை. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் 'டான்' நாவல் 1987இல் வந்தபோது கதாநாயகி கறுப்பினப் பெண், அட்டையில் வெள்ளைக்காரப் பெண். நாற்பது வருஷம் ஆகப்போகிறது. அங்கே செய்த தவறையும் இறக்குமதி செய்துதான் தீர வேண்டுமா?

வரிசை என்றால் வரிசையாகத் தெரிய வேண்டும், அதுவும் இல்லை. முதல் பாகத்தின் முதுகில் தலைப்பு மேலிருந்து கீழே ஓடுகிறது, இரண்டாவதில் கீழிருந்து மேலே. மூன்றாவது அரை அங்குலம் உயரம் கூடுதல். புத்தகக் காட்சியில் ஒரு கல்லூரிப் பெண் மூன்றாம் பாகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு "இது தனிக் கதையா சார்?" என்று கேட்டார். முதல் இரண்டும் அதே தட்டில், கையெட்டும் தூரத்தில்தான் இருந்தன. பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். 1961இல் பெங்குவின் பதிப்பகத்தின் துப்பறியும் வரிசைக்கு ரோமெக் மார்பர் என்ற வடிவமைப்பாளர் போட்டுக்கொடுத்தது வெறும் கோடுகள்தான்: மேலே மூன்றில் ஒரு பங்கு தலைப்புக்கு, மீதி படத்துக்கு. கோடு போட என்ன செலவு?

உங்களுக்கு ஆயிரம் வேலை, அது தெரியும். அட்டையைத்தான் இரவு 10.40க்கு அனுப்புகிறீர்கள், ராயல்டி கணக்கையாவது பகலில் அனுப்பலாமே என்று கேட்கத் தோன்றுகிறது. வருஷத்துக்கு ஒரு முறை நான் போன் செய்து உங்கள் ஞாபகத்தைக் கிளறினால்தான் அது வருகிறது. கேட்டால் "உங்க புத்தகம் மெதுவாத்தான் போகுது சார்" என்கிறீர்கள். கான்வென்ட் டீச்சரை நம்பி வாங்கியவர் உள்ளே பேச்சியம்மாளைப் பார்த்தால் வேறெப்படிப் போகும்? சரி, அது வேறு மடல். மன்னிக்கவும்.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நான்காம் பாகம் முடிந்துவிட்டது. தயவுசெய்து அதற்கு ஒரு மனிதர் வரையட்டும், அவர் கதையைப் படித்துவிட்டு வரையட்டும். அவருடைய முகவரியை மட்டும் சொல்லுங்கள். முதல் இரண்டு அத்தியாயங்களைப் பிரிண்ட் எடுத்து என் செலவிலேயே கூரியரில் அனுப்புகிறேன். பெரியம்மாவின் போட்டோ ஒன்றையும் சேர்த்து வைக்கிறேன், கண்ணை இடுக்கிக்கொண்டு வெயிலில் நிற்பது.

அன்புடன்,
உங்கள் எழுத்தாளர்களில் ஒருவன்