பேஸ்பால் மேலாண்மை விளையாட்டில் வீரர் மதிப்பீட்டுப் பிழை குறித்த புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், மயிலாப்பூர், சென்னை – 600 004.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: நட்சத்திர மதிப்பீட்டில் ‘வாக்’ (நான்கு தவறான பந்துகள் வீசப்பட்டதால், பேட்டர் அடிக்காமலே முதல் நிலையான பேஸுக்குச் செல்வது) விடுபட்டிருப்பதைத் திருத்தக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். வீரர்களை முழுமையான புள்ளிவிவரங்களைக் கொண்டு மதிப்பிடுவதாகத் தாங்கள் செய்த விளம்பரத்தை நம்பி, தங்கள் பேஸ்பால் மேலாண்மைக் கணினி விளையாட்டை வாங்கி ஒரு முழு சீசன் ஆடி முடித்துள்ளேன். அந்த மதிப்பீடு பேட்டிங் சராசரியைத் தாண்டி எதையும் பார்ப்பதாகத் தெரியவில்லை.

என் அணியின் இரண்டு பேட்டர்கள் தலா 620 முறை பேட் செய்ய வந்தார்கள். ஒருவர் 600 அட்-பேட்டில் (வாக் சேராத பேட்டிங் வாய்ப்புகள்) 180 ஹிட் (பந்தை அடித்து பேஸை அடைவது) அடித்து 20 வாக் பெற்றார். ஹிட்டை அட்-பேட்டால் வகுத்தால் வரும் அவருடைய சராசரி 0.300. மற்றவர் 500 அட்-பேட்டில் 130 ஹிட் அடித்து 120 வாக் பெற்றார், சராசரி 0.260. ஹோம் ரன்னிலும் ஃபீல்டிங்கிலும் இருவருக்கும் பெரிய வேறுபாடில்லை. முன்னவர் 200 முறையும் பின்னவர் 250 முறையும் பேஸை அடைந்திருக்க, அதாவது ஆன்-பேஸ் சதவீதம் 0.323-க்கு எதிராக 0.403 என்றிருக்க, முன்னவருக்கு நான்கு நட்சத்திரமும் பின்னவருக்கு இரண்டும் எந்தக் கணக்கில் தரப்பட்டன?

கிரிக்கெட்டில் வைடு பந்தின் ரன் எக்ஸ்ட்ராவில்தான் சேரும், பேட்ஸ்மேன் கணக்கில் சேராது. சேப்பாக்கத்தில் ஆட்டம் பார்த்து வளர்ந்த நான் வாக்கையும் அப்படியே நினைத்துக் குழம்பினால் அதில் வியப்பில்லை. பேஸ்பால் விளையாட்டை விற்பவர்கள் குழம்பலாமா? 2004-இல் அமெரிக்க பேஸ்பால் வீரர் பாரி பாண்ட்ஸ் 135 ஹிட் மட்டுமே அடித்தும், 232 வாக் பெற்றதால் 0.609 என்ற ஆன்-பேஸ் சாதனையை எட்டினார். தங்கள் சூத்திரப்படி அந்த 232 முறையும் மைதானத்தில் ஒன்றுமே நடக்கவில்லை.

கணினி நடத்தும் அணிகளும் இதே நட்சத்திரங்களை நம்பி, பொறுமையாக ஆடும் பேட்டர்களை எனக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகின்றன. லாபம் எனக்குத்தான் என்றாலும், எதிராளி கண்ணை மூடிக்கொண்டு விற்கும் சந்தையில் ஆடுவதற்கு என்ன இருக்கிறது?

இருமுறை எழுதியும், விளையாட்டை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுமாறு ஒரே பதில்தான் வந்தது. நிறுவினேன், நட்சத்திரங்கள் இம்மியும் நகரவில்லை.

ஆகவே, 30 நாட்களுக்குள் மதிப்பீட்டைத் திருத்த வேண்டும், அல்லது நான் செலுத்திய தொகையைத் திருப்பித் தர வேண்டும். தவறினால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நான் வசிக்கும் சென்னையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பணம் செலுத்திய ரசீது, இரு வீரர்களின் புள்ளிவிவரப் பக்கங்கள்.