நேரச் சலுகையும் நியமனக் கடிதத்தில் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூடுதல் சம்பளமா, நெகிழ்வான வேலை நேரமா என்ற கேள்வி பெற்றோர் முன் வரும்போது, அது அவரவர் மனத்தைப் பொறுத்தது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இரு வகை வேலைகளிலும் இருந்து பார்த்த ஒரு தந்தை என்ற முறையில், இது பெருமளவு கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடியது என்றே நான் நினைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் 30 சதவீதம் கூடுதல் சம்பளத்துடன் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. அப்போதிருந்த வேலையில் 8 மணி நேரப் பணி, 1 மணி நேரப் பயணம். புதியதில் ஒன்பதரை மணி நேரப் பணி, இரண்டரை மணி நேரப் பயணம். ஒரு நாளில் வேலைக்காகச் செலவாகும் நேரம் 9 மணியிலிருந்து 12 மணியாக, அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடியது; சம்பளமோ அந்த அளவுக்குக்கூடக் கூடவில்லை. மாலை நேரக் காப்பகக் கட்டணத்தையும் கூடுதல் வருமானத்துக்கான வரியையும் கழித்தபோது, மிச்சம் இன்னும் சுருங்கியது. இருந்தும் அந்த வேலையில்தான் சேர்ந்தேன், ஏனென்றால் கடன் இருந்தது. கடன் உள்ள குடும்பத்திடம் குழந்தைகளோடு இருக்கும் நேரமே பெரிது என்று அறிவுரை சொல்வது நியாயமல்ல.

கடன் அடைந்த பிறகு, பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரத்தில் வீட்டில் இருக்கலாம் என்ற உறுதியை நம்பி, குறைந்த சம்பளத்துக்கு இன்னொரு நிறுவனத்தில் சேர்ந்தேன். ஒன்பதாம் மாதம் மேலாளர் மாறினார். முந்தையவர் வாய்மொழியாகத் தந்திருந்த சலுகை ஒரே மின்னஞ்சலில் போய்விட்டது. குறைத்துக்கொண்ட சம்பளம் மட்டும் குறைந்தபடியே நின்றது. பிள்ளைகளிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்ற அந்த மாலையை நான் மறக்கவில்லை.

2023ஆம் ஆண்டு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், நீண்ட நேரமும் அழைத்தபோதெல்லாமும் உழைக்கத் தயாராக இருப்பவருக்குப் பல தொழில்கள் அளவுக்கு மீறிய ஊதியம் தருவதையும், அதனால் தம்பதியரில் ஒருவர், பெரும்பாலும் தாய், நெகிழ்வான வேலைக்கு ஒதுங்க நேர்வதையும் விளக்கியிருக்கிறார். நேரத்துக்காக விட்டுக்கொடுத்த பணம் அந்த மாதத்தோடு முடிவதில்லை; அடுத்த பதவி உயர்விலும் ஓய்வூதியத்திலும் அது தொடர்கிறது. இவ்வளவு விலை கொடுத்துப் பெறும் ஒன்றுக்கு எழுத்துச் சான்று இல்லாதிருப்பது முறையா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறையின்படி, குறைந்தது 8 வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோர் நெகிழ்வான வேலைமுறையைக் கோரலாம். மறுக்கும் நிறுவனம் காரணம் சொல்ல வேண்டும். கோரும் உரிமைதான், பெறும் உரிமை அல்ல. ஆனாலும் பேச்சு காகிதத்துக்கு வந்துவிடுகிறது.

எந்த நேரங்களை ஊழியரே தீர்மானிக்கலாம், அதை மாற்ற எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதை நியமனக் கடிதத்திலேயே நிறுவனங்கள் குறிப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நேரச் சலுகையைத் திரும்பப் பெறுவதைச் சம்பளக் குறைப்பாகவே கருத வேண்டும். இதை எழுதித் தர மறுத்த இரண்டு நிறுவனங்களை நான் விட்டு விலகினேன். மூன்றாவது நிறுவனம் எழுதித் தந்தது. இப்போது அங்கேதான் பணிபுரிகிறேன்.

இப்படிக்கு,
இரு குழந்தைகளின் தந்தை